இரண்டரை வெள்ளி எண்ணெயும் எழுதப்படாத கணக்கும்

அரசுப் பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும், மலேசியாவின் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள இந்தத் தோட்டத்து ஊரைப் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்சுந்தை என்றுதான் சொல்கிறார்கள். ரிங்கிட்டையும் அவர்கள் வெள்ளி என்றே எண்ணுகிறார்கள். இங்குள்ள மளிகைக் கடையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தின் விலை 2 வெள்ளி 50 காசு. அது சந்தை தீர்மானித்த விலை அன்று. அரசு மானியம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும் விலை. மாதத்திற்கு 60,000 டன் எண்ணெய் இவ்வாறு பொட்டலங்களாக நாடெங்கும் விற்பனைக்கு வருகிறது. மானியத் தொகை அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஏறிவிடுவதால் அதைப் பற்றி விவாதிக்க முடிகிறது. ஆனால் அந்தப் பொட்டலம் உருவாகும் வழியில் ஆறும் காற்றும் மண்ணும் மனித உடலும் செலுத்திய தொகை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அந்தத் தொகை எங்கே, எவ்வாறு, யார்மீது விழுந்தது என்பதை அறிய இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஏனெனில் அந்த எண்ணெயைத் தரும் செம்பனையின், அதாவது பாமாயில் மரத்தின், மலேசியக் கதையே இங்குதான் தொடங்குகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை, 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவிற்கு நான்கு கன்றுகளாக வந்து சேர்ந்தது. பிறகு நீண்ட காலம் அழகுக்காகவே வளர்க்கப்பட்டது. மலாயாவில் அதை வணிகப் பயிராக முதலில் நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1917-இல், காப்பிப் பயிர் கைகொடுக்காத நிலத்தில், பத்தாங் பெர்சுந்தைக்கு அருகே அவர் நட்ட அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில ஆவணங்களில்கூட அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே பதிவாகியிருக்கிறது. பெயர் தென்னை, பயிர் பனை, முதலீடு பிரெஞ்சுக்காரருடையது, உழைப்பு தமிழருடையது. உலகின் மிகப் பெரிய உணவெண்ணெய்த் தொழில்களில் ஒன்று இந்த நாட்டில் வேரூன்றிய இடத்திற்கு நம் மொழியில் பெயர் இருப்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு என்ன விலை கொடுத்தோம் என்ற கேள்வியும் உண்டு.

இன்று மலேசியாவில் ஏறத்தாழ 56 லட்சம் ஹெக்டர் நிலத்தில் செம்பனை நிற்கிறது. மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து உலகச் செம்பனை எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் தருகின்றன. இந்த எண்ணெய் வாணலியில் மட்டும் முடிவதில்லை. பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், காப்பியில் கலக்கும் கிரீமர் மாவு, உடனடி மீ நூடுல்ஸ் ஆகியவற்றில் அது உணவாக இருக்கிறது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, உதட்டுச் சாயம் ஆகியவற்றில் வேதிப்பொருளாக உருமாறி இருக்கிறது. பொட்டலத்தின் பின்புறத்தில் ‘தாவரக் கொழுப்பு’, ‘கிளிசரின்’, ‘ஸ்டியரிக் அமிலம்’ என்று இருந்தால், வாங்குபவருக்கு மரம் கண்ணில் படாது. எந்தத் தாவரத்தின் எண்ணெய் என்று உணவுப் பொருள்களில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்ற விதியே ஐரோப்பாவில் 2014 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னரே அங்குள்ள பலர் தாங்கள் எத்தனை ஆண்டுகளாகச் செம்பனை உண்டு வந்தோம் என்பதை அறிந்தனர்.

அறிந்தவர்களில் ஒரு சாரார் செம்பனை எண்ணெயை அடியோடு விலக்கினால் போதும் என்று கருதினர். அந்த முடிவு தவறானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்றரை டன் அளவுக்கு எண்ணெய் தரும். அதே அளவு நிலத்தில் சோயா அரை டன்னைக்கூடத் தொடுவதில்லை. உலகத் தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் தரும் செம்பனை, எண்ணெய்ப் பயிர்களுக்கான நிலத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. செம்பனையை விலக்கி வேறு எண்ணெயைக் கேட்டால், காடழிப்பு வேறொரு கண்டத்திற்குக் குடிபெயரும். ஆகவே மரத்தின்மீது குற்றமில்லை. அதை எங்கே நட்டார்கள், எவ்வாறு பிழிந்தார்கள், யாரை வைத்துப் பராமரித்தார்கள் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

பிழிவதிலிருந்து தொடங்கலாம். வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலத்தன்மை ஏறி எண்ணெயின் தரம் கெடும். இந்தக் காரணத்தினால்தான் ஆலைகள் நகரங்களுக்கு அருகில் அமையாமல் தோட்டத்திற்குள்ளேயே, லயன் வீடுகளுக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் அமைந்தன. ஐந்து கிலோ குலையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். அதனுடன் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான வெறுங்குலையும், மூன்று லிட்டர் அளவுக்குப் பழுப்பு நிறக் கழிவுநீரும் வெளியேறும். இந்தக் கழிவுநீரில் நஞ்சு என்று சொல்லத்தக்கது எதுவும் சேர்க்கப்படுவதில்லை. எண்ணெயும் நாரும் சர்க்கரைச் சத்தும் கலந்த வெறும் நீர்தான் அது. ஆனால் அது ஆற்றில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகுகின்றன. பெருகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடுகின்றன. மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. சுத்திகரிக்கப்படாத ஆலைக் கழிவுநீர் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கேட்கும். இது வீட்டுச் சாக்கடை நீர் கேட்பதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்றுநீரில் கரைந்திருப்பதோ ஏழெட்டு மில்லிகிராம் ஆக்ஸிஜன். பெருக்கிப் பார்த்தால், ஒரே ஒரு கிலோ எண்ணெயின் கழிவு, சுத்திகரிக்காமல் விடப்பட்டால், ஏறக்குறைய 10,000 லிட்டர் ஆற்றுநீரின் மூச்சை முழுவதுமாக நிறுத்திவிடும்.

1970-களில் இது வெறும் மனக்கணக்காக இல்லை. ரப்பரிலிருந்து செம்பனைக்குத் தோட்டங்கள் வேகமாக மாறிய அந்த ஆண்டுகளில், மேற்குக் கரையோர ஆறுகள் பலவும் ஆலைக் கழிவால் நாறின. ஆற்றில் குளித்தவர்களும் மீன் பிடித்தவர்களும் அந்தச் செலவைச் சுமந்தார்கள். எண்ணெய் விலையில் அது சேரவில்லை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், கச்சாச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே 1977-இல் தனி விதிமுறை வந்தது. அது ஒரே நாளில் எதையும் தடைசெய்யவில்லை. 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்து, ஆண்டுதோறும் அந்த வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்து, 1984-இல் 100 மில்லிகிராமில் நிறுத்தியது. வெளியேற்றும் மாசின் அளவுக்கேற்ப உரிமக் கட்டணமும் விதித்தது. முதலில் முணுமுணுத்த ஆலைகள், அடுக்கடுக்கான குளங்களை வெட்டிக் கழிவைத் தேக்கி, பாக்டீரியாவைக் கொண்டே சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டன. தொழில் அழியவில்லை. மாறாக, அந்தக் காலத்தில்தான் அது பல மடங்கு பெருகியது. நுகர்பொருள்களின் மறைசெலவு பற்றிப் பேசும்போது வாங்குபவரின் மனசாட்சியைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. இந்த ஆறுகளை மீட்டதில் வாங்குபவருக்குப் பங்கே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆயினும் அந்தக் குளங்கள் சிக்கலை முழுதாகத் தீர்க்கவில்லை. காற்றுப் புகாத குளத்தடியில் கழிவு மட்கும்போது மீத்தேன் குமிழ்குமிழாக மேலே வருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. ஆற்றிலிருந்து எடுத்த சுமையை வானத்தில் ஏற்றினோம் என்று சொன்னால் மிகையாகாது. குளத்தை மூடி வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு, புதிய ஆலைகளுக்கு 2014-இலிருந்துதான் கட்டாயமானது.

நடும் இடத்தைப் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. பெஸ்தாரி ஜெயாவை அடுத்து வட சிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காடு பரந்து கிடக்கிறது; ராஜா மூசா காட்டு ஒதுக்கீடு அதன் ஒரு பகுதி. மலாயில் கம்புட் எனப்படும் இந்த நிலம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் மூழ்கி மட்காமல் கிடக்கும் இலையும் கிளையும் வேரும் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. செம்பனை நட வேண்டுமானால் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்ததும் அந்தப் பழைய படிவுகள் காற்றைச் சந்தித்து மட்கத் தொடங்குகின்றன. ஒரு ஹெக்டரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 40 டன் கரியமில வாயு, மரம் வளர்ந்தாலும் வளராவிட்டாலும், வெளியேறிக்கொண்டே இருக்கும். நிலமும் ஆண்டுதோறும் தாழும். வறட்சியில் தீப்பிடித்தால் தரைக்கு அடியில் நாள்கணக்கில் புகையும். மேலே நீர் ஊற்றினால் அணையாது. வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவதே ஒரே வழி. ராஜா மூசாவில் 2008-இலிருந்து காட்டிலாகா அந்த வேலையைச் செய்து வருகிறது. வடித்த நீரை மீண்டும் தேக்குவதற்குச் செலவழிப்பது யார் என்றால், பொதுப்பணம்தான்.

புகைமூட்டத்தின் கணக்கை இந்த மாவட்டம் ஒருமுறை நேராகவே கட்டியிருக்கிறது. 2005 ஆகஸ்டில் கோலா சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியது. 11-ஆம் தேதி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. புகையின் பெரும்பகுதி சுமாத்ராவில் நிலத்தைத் துப்புரவாக்க வைத்த தீயிலிருந்து வந்தது. சிலாங்கூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதாம். அவற்றின் புழுக்கள் வாழும் ஈரமான கரைநிலம் செம்பனைக்காகவும் பிறவற்றுக்காகவும் துப்புரவாக்கப்பட்ட இடங்களில் ஒளி குறைந்துவிட்டது.

இனி உடல். தோட்டத்தில் களைக்கொல்லி என்ற சொல்லை யாரும் பயன்படுத்திக் கேட்டதில்லை. அதற்குப் பெயர் மருந்து. ‘மருந்து அடிக்கிற வேலை’ பெரும்பாலும் பெண்களுக்கே கொடுக்கப்பட்டது. மரம் ஏறவோ நீளக் கம்பு பிடித்துக் குலை வெட்டவோ வேண்டாத, இலேசான வேலை என்று அது வகைப்படுத்தப்பட்டு, கூலியும் அதற்கேற்பவே இருந்தது. முதுகில் தொட்டியைச் சுமந்து, வெயிலில் முகமூடியைக் கழற்றிவிட்டு, ஒழுகும் குழாயைக் கையாலேயே பிடித்து அவர்கள் தெளித்தவற்றுள் பாராகுவாட் முக்கியமானது. விழுங்கினால் மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது. தோலில் படப்படப் புண்ணும், நகம் கழன்று விழுதலும், மூக்கில் இரத்தமும் தரும். என் பெரியம்மாவுக்கு வலது கைக் கட்டைவிரலில் நகம் நேராக வளர்ந்ததே இல்லை. அதை வயதின் கோளாறு என்று அவர் சொல்வார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

இந்த நோய்க்குறிகளைத் தோட்டப் பெண்களிடமே கேட்டுத் தொகுத்து 2002-இல் தொழிலாளர் உரிமைகளுக்கான தெனாகனித்தா அமைப்பு வெளியிட்டது. அதை வழிநடத்தியவர் ஐரின் ஃபெர்னாண்டஸ். அதே ஆண்டில் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்குவதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகளும் உற்பத்தியாளர்களும் எதிர்த்தனர். மாற்று மருந்துகளின் விலை அதிகம் என்பது முக்கியமான வாதம். 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. இறுதித் தடை 2020 ஜனவரி முதல் நாளில்தான் வந்தது. இதற்கெல்லாம் முன்பே, பாராகுவாட்டைத் தயாரித்து விற்ற நிறுவனத்தின் தாய்நாடான சுவிட்சர்லாந்தில் அது 1989-இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007-இல் அதன் அனுமதியை நீக்கியது. தங்கள் வயலில் வேண்டாம் என்று ஒதுக்கிய நஞ்சின் உதவியால் விளைந்த எண்ணெயைத் தங்கள் பிஸ்கட்டில் சேர்ப்பதற்கு அந்நாடுகளில் எந்தத் தடையும் இருக்கவில்லை. கழிவுநீர் விதிமுறையை ஏழே ஆண்டுகளில் நிறைவேற்றிய அதே நாட்டில் இதற்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. ஆற்று நாற்றம் ஊருக்கெல்லாம் தெரியும், நகம் கழன்றது அவரவருக்கு மட்டுமே தெரியும் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறாமல் போன இன்னொரு இடமும் உண்டு. குலை வெட்டும்போது உதிரும் பழங்களில்தான் எண்ணெய் மிகுதி. அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பது, டன் கணக்கில் கூலி பெற்ற வெட்டுக்காரரின் பொறுப்பு. உண்மையில் பொறுக்கியவர் அவருடைய மனைவி, விடுமுறை நாள்களில் பிள்ளைகளும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் அவர்கள் பெயர் இருக்காது. செம்பனைப் பூவில் கையால் மகரந்தம் தூவுவதும் 1981 வரை தோட்டங்களில் ஒரு தனி வேலையாக, பெரும்பாலும் பெண்கள் செய்த வேலையாக இருந்தது. அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சிறு மூக்கு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கூலி கேட்காமல் அந்த வேலையை இன்னும் சிறப்பாகச் செய்தது. விளைச்சல் கூடியது, அந்த வேலை மறைந்தது. ரப்பரைவிடச் செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும் என்பதால் பால்மரத்தைச் சாய்த்தபோதே பல குடும்பங்களின் தேவை முடிந்திருந்தது.

எஞ்சிய வேலைக்கு இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வருகிறார்கள். நம் பாட்டனார்கள் கங்காணியிடம் பட்ட முன்பணக் கடனை, இவர்கள் முகவரிடம் படுகிறார்கள். 2020-இன் இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைச் சுட்டி, எஃப்ஜிவி, சைம் டார்பி ஆகிய இரு நிறுவனங்களின் எண்ணெய்க்கு அடுத்தடுத்துத் தடை விதித்தது. சைம் டார்பி, தொழிலாளர் வேலைக்கு வருவதற்காகக் கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுத்தல் உள்ளிட்ட நடவடிக்கைகளை எடுத்த பிறகு, 2023-இல் அந்நிறுவனத்தின் மீதான தடை நீங்கியது. இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே 2013-இல்தான், தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக, நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் வருவதற்கு முன்பு தோட்டத் தொழிலாளர் கேட்டது நாள் கூலிக்குப் பதிலாக நிலையான மாதச் சம்பளம் மட்டுமே.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றே. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறியோ வீடமைப்புப் பகுதியாக மாறியோ ஆள்குறைப்பு நடக்கும்போது, 1980-ஆம் ஆண்டின் விதிமுறைப்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓராண்டுச் சேவைக்கு 20 நாள் கூலி இழப்பீடு. முப்பது ஆண்டுகள் பால்வெட்டியும் குலைவெட்டியும் கழித்த ஒருவரின் நாள் கூலி 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அவர் கையில் விழுவது 12,000 வெள்ளி. பக்கத்தில் எழும்பும் புதிய தாமானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினால் தீர்ந்துபோகும் தொகை அது. மாதத் தவணை கட்ட அறுபது வயதுக்காரருக்கு எந்த வங்கி கடன் தரும்? இந்த வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். அண்மை ஆண்டுகளில்தான் பெஸ்தாரி ஜெயாவில் அவர்களுக்குத் தரை வீடுகள் கட்டும் திட்டம் உறுதியானது. காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

இந்தச் செலவுகளையெல்லாம் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லும் முத்திரைகள் இப்போது பொட்டலங்களில் காணப்படுகின்றன. 2004-இல் அமைந்த நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை தானாக முன்வருவோருக்கானது; 2018-இன் திருத்தத்தில் கரிச்சதுப்பில் புதிதாக நடுவதை அது முற்றிலும் தடுத்தது. எம்எஸ்பிஓ என்னும் மலேசியத் தரச்சான்று 2020-இலிருந்து கட்டாயம். இரண்டாலும் பயன் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் முத்திரை இனி நடப்பதைத்தான் ஆராயும். 1917-இலிருந்து நடந்து முடிந்ததற்கு அதில் கட்டமில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர் அதன் பட்டியலில் ‘தொழிலாளர்’ அல்லர். சிறு விவசாயிகளுக்கோ சான்று பெறும் செலவே பெருஞ்சுமை. சான்றளித்த எண்ணெய்க்குக் கூடுதல் விலை தர மறுத்துவிட்டு, சான்று மட்டும் கேட்கும் பெரிய கடைகள் மேலைநாடுகளில் குறைவில்லை.

பொட்டலத்தின் பயணம் எண்ணெய் தீர்ந்ததும் முடிவதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறையை மறுசுழற்சிக்கு எடுப்பார் யாருமில்லை. பிஸ்கட் உறை, ஷாம்புப் பொதி, மீ பொட்டலம் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். கோலாலம்பூரில் ஒரு நாளில் சேரும் ஈராயிரம் டன்னுக்கு மேற்பட்ட குப்பை, செலாயாங் பக்கத்திலுள்ள மாற்றுநிலையத்தில் அழுத்தப்பட்டு, பெரிய லாரிகளில் வடக்கு நோக்கிப் புறப்படுகிறது. அது போய்ச் சேரும் குப்பை நிரப்பிடம் 2005-இலிருந்து இயங்கி வருகிறது. அடியில் விரிப்பிட்டு, வடியும் சாற்றைச் சுத்திகரித்து, வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாடுகளுடன் முறையாகக் கட்டப்பட்டது அது. கண்ட இடத்தில் கொட்டி எரிப்பதைவிடப் பல மடங்கு மேல். அதைச் சுற்றிலும் வேலிபோல நிற்பது செம்பனை. அந்த இடத்தின் பெயர் புக்கிட் தாகார். வீட்டுக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்த ஐந்து தோட்டங்களின் பெயர்களில் அதுவும் ஒன்று.